முதுகெலும்பு: தூணா, சங்கிலியா?



சிவகாசியைச் சுற்றியுள்ள சிற்றூர் ஒன்றின் பேருந்து நிறுத்தத்தில் விடியற்காலையில் நின்று பாருங்கள். கையில் தூக்குச்சட்டியுடன் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் செல்லும் வண்டிகளில் ஏறுவார்கள். ஏறும்போது பேச்சும் சிரிப்புமாக, நிமிர்ந்த முதுகுடன் ஏறுவார்கள். மாலையில் அவர்கள் இறங்குவதையும் பாருங்கள். இறங்கியவுடன் பலர் ஒரு கணம் அப்படியே நிற்பார்கள். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மெல்ல மெல்லப் பின்னால் சாய்ந்து, “அப்பாடா!” என்று மூச்சு விட்ட பிறகுதான் நடக்கத் தொடங்குவார்கள். அந்தக் கூட்டத்தில் உங்கள் அம்மாவோ, அத்தையோ, அக்காவோ இருக்கக்கூடும்.

பகல் முழுவதும் அவர்கள் மூட்டை சுமக்கவில்லை, கல் உடைக்கவில்லை. தரையில் உட்கார்ந்து சரவெடி பின்னினார்கள், வெடிக்குத் திரி வைத்தார்கள், தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கினார்கள், பெட்டியில் அடைத்தார்கள். ஒரு தீக்குச்சியின் எடைதான் என்ன? அதைக் கையில் எடுத்ததற்கா முதுகு இப்படி வலிக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், நம் முதுகெலும்பு எவ்வாறு அமைந்திருக்கிறது, எவ்வாறு வேலை செய்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். வாருங்கள், பார்ப்போம்.

ஒரே உறுப்பு, மூன்று வேலைகள்

வீட்டின் கூரையைத் தாங்கத் தூண் நாட்டுகிறோம். தூண் அசையக் கூடாது, வளையவும் கூடாது. கிணற்றில் வாளியை இறக்கச் சங்கிலி கட்டுகிறோம். சங்கிலி எப்பக்கமும் வளைய வேண்டும். ஆனால் அதன் மேல் எதையும் நிறுத்தி வைக்க முடியாது. மின்கம்பியைச் சுவரில் கொண்டு செல்லக் குழாய் பதிக்கிறோம். குழாயின் வேலை உள்ளே செல்லும் கம்பிக்குச் சேதம் வராமல் காப்பது.

நம் முதுகெலும்பு இம்மூன்று வேலைகளையும் ஒருங்கே செய்கிறது. தலை, கைகள், மார்பு ஆகியவற்றின் எடையைத் தூண்போல் தாங்குகிறது. குனியவும் நிமிரவும் திரும்பவும் சங்கிலிபோல் வளைந்து கொடுக்கிறது. மூளையிலிருந்து கீழிறங்கும் தண்டுவடம் என்னும் நரம்புக் கற்றையைக் குழாய்போல் பொதிந்து காக்கிறது. தூணுக்கு வேண்டிய உறுதியும் சங்கிலிக்கு வேண்டிய நெகிழ்வும் ஒன்றுக்கொன்று முரணானவை. இந்த முரண்பாட்டை இயற்கை எப்படித் தீர்த்தது என்பதுதான் முதுகெலும்பின் கதை.

எண்ணிப் பார்ப்போம்

முதுகெலும்பு ஒரே எலும்பு அன்று. அது முள்ளெலும்புகள் எனப்படும் சிறு எலும்புகளின் அடுக்கு. குழந்தைப் பருவத்தில் இவை 33. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. அதற்குக் கீழே உள்ள 5 எலும்புகள் வளர வளர ஒன்றாக இணைந்து திருவெலும்பு ஆகின்றன. கடைசியில் உள்ள 4 சிறு எலும்புகள் சேர்ந்து வால் எலும்பு ஆகின்றன. எனவே வளர்ந்த மனிதனிடம் பொதுவாக 26 எலும்புகளே இருக்கும். ஒரு வியப்பு என்னவென்றால், ஒட்டகச்சிவிங்கியின் நீண்ட கழுத்திலும் எலும்புகள் 7-தான்!

தலையைக் குனிந்துகொண்டு பிடரியில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் ஒரு முடிச்சு தட்டுப்படுகிறதல்லவா? பெரும்பாலோர்க்கு அது ஏழாவது கழுத்து முள்ளெலும்பின் முனை. ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் முன்பக்கம் பருமனான உருளை வடிவ உடற்பகுதி உண்டு. எடையைத் தாங்குவது இதுவே. பின்பக்கம் ஒரு வளையம் உண்டு. எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது இவ்வளையங்கள் சேர்ந்து நீண்ட குழாயாகின்றன. தண்டுவடம் இருப்பது அதற்குள்ளேதான். விரலுக்குத் தட்டுப்படும் முனை, வளையத்திலிருந்து பின்னோக்கி நீண்டிருக்கும் முள். தசைகள் பற்றி இழுப்பதற்கு அது ஒரு கைப்பிடி.

கழுத்தின் முதல் எலும்பின் பெயர் அட்லஸ். “ஆமாம்” என்று தலையாட்டும்போது மண்டையோடு இதன் மேல் முன்னும் பின்னும் அசைகிறது. “இல்லை” என்று தலையாட்டும்போது அட்லஸ், தனக்குக் கீழுள்ள இரண்டாம் எலும்பின் முளையைச் சுற்றித் திரும்புகிறது. நாம் ஒப்புவதும் மறுப்பதும் இரண்டு வெவ்வேறு மூட்டுகளின் வேலை!

தீப்பெட்டியால் ஒரு முதுகெலும்பு

இனி ஒரு சோதனை. காலித் தீப்பெட்டிகள் 10 எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் இதற்குப் பஞ்சமில்லை. அவற்றைப் படுக்கை வாட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். மேலிருந்து நேராக அழுத்தினால் அடுக்கு தாங்கும். பக்கவாட்டில் விரலால் தொட்டால் சரிந்துவிடும். தூணும் இல்லை, சங்கிலியும் இல்லை.

இப்போது பழைய ரப்பர் செருப்பு ஒன்றைச் சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வோர் இரு பெட்டிகளுக்கும் இடையில் ஒரு துண்டை வைத்துப் பசையால் ஒட்டுங்கள். உலர்ந்தபின் அடுக்கை மெல்ல முன்னோக்கி வளையுங்கள். என்ன நிகழ்கிறது? ஒவ்வொரு ரப்பர்த் துண்டும் முன்புறம் நசுங்குகிறது, பின்புறம் இழுபடுகிறது. ஒவ்வோர் இடத்திலும் வளைவது மிகச் சிறிதளவே. ஆனால் அச்சிறு வளைவுகள் எல்லாம் சேர்ந்து முழு அடுக்கும் வில்லாக வளைந்துவிடுகிறது. ஒரே இடத்தில் மடிந்தால் உள்ளே செல்லும் தண்டுவடம் நசுங்கும். பல இடங்களில் சிறிது சிறிதாக வளைவதால் அது பத்திரமாக இருக்கிறது. முரண்பாடு தீர்ந்ததல்லவா?

அடுக்கின் நான்கு பக்கமும் மேலிருந்து கீழாக நான்கு ரப்பர் வளையங்களை இழுத்து மாட்டுங்கள். அடுக்கு இன்னும் உறுதியாக நிற்கும். ஒன்றைக் கழற்றினால் எதிர்ப்பக்கம் சாயும். கொடிக்கம்பத்தை நான்கு புறமும் இழுத்துக் கட்டிய கயிறு நிறுத்துவதுபோல், முதுகெலும்பை நிமிர்த்தி நிறுத்துபவை முதுகுத் தசைகளும் வயிற்றுத் தசைகளும். முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று பிணைப்பவை தசைநார்கள்.

உண்மை முதுகெலும்பு இந்த அடுக்கைப்போல் நேர்க்கோடாக இருப்பதில்லை. பக்கவாட்டில் பார்த்தால் அதில் நான்கு வளைவுகள் தெரியும். பிறந்த குழந்தையின் முதுகு ஒரே வளைவாக இருக்கும். மூன்று மாதத்தில் தலை நிற்கத் தொடங்கும்போது கழுத்து வளைவும், உட்கார்ந்து, எழுந்து, நடை பழகும்போது இடுப்பு வளைவும் தெளிவாக உருப்பெறுகின்றன. நடக்கும்போதும் குதிக்கும்போதும் ஏற்படும் அதிர்ச்சியை இவ்வளைவுகள் வில்போல் வாங்கிக்கொள்கின்றன.

அணுகுண்டும் சணலும்

நமது மாதிரியில் ரப்பர்த் துண்டு செய்த வேலையை உடலில் செய்வது முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள இடைத்தட்டு. இதைத்தான் மருத்துவர்கள் ‘டிஸ்க்’ என்கிறார்கள். இவை மொத்தம் 23. முதுகெலும்பின் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்தட்டுகளே.

தட்டின் நடுவில் வழுவழுப்பான கூழ் போன்ற பொருள் இருக்கிறது. இளமையில் இதன் எடையில் 80 விழுக்காட்டுக்கு மேல் நீர்தான். கூழைச் சுற்றி நார் வளையங்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. ஓர் அடுக்கில் நார்கள் வலப்பக்கம் சாய்ந்திருந்தால், அடுத்த அடுக்கில் இடப்பக்கம் சாய்ந்திருக்கும்.

தீபாவளிக்கு வெடிக்கும் அணுகுண்டை நினைத்துப் பாருங்கள். அதன் மேல் சணல் நூலை மாறி மாறி இறுகச் சுற்றியிருப்பார்கள் அல்லவா? உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தைச் சுற்று தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இடைத்தட்டின் நார் வளையங்களும் அப்படித்தான். மேலிருந்து எடை அழுத்தும்போது நடுவிலுள்ள கூழ் எல்லாப் பக்கமும் பிதுங்கப் பார்க்கிறது. சுற்றியுள்ள நார்கள் அதை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு வேறுபாடு உண்டு. அணுகுண்டின் சுற்று ஒரே ஒரு கணம் தாங்கினால் போதும். நம் இடைத்தட்டின் சுற்றோ வாழ்நாள் முழுவதும் தாங்க வேண்டும்.

சில சமயம் நார் வளையத்தில் விரிசல் விழுந்து கூழ் பின்பக்கமாகப் பிதுங்குவதுண்டு. அது பக்கத்திலுள்ள நரம்பை அழுத்தினாலோ உறுத்தினாலோ இடுப்பிலிருந்து கால்வரை ‘சுளீர்’ என்று வலி இறங்கும். “டிஸ்க் நழுவிவிட்டது” என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். உண்மையில் எதுவும் நழுவுவதில்லை. தட்டு இருந்த இடத்திலேயே பிதுங்குகிறது. இவ்வாறு பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அறுவை சிகிச்சை இல்லாமலே சில வாரங்களில் அல்லது மாதங்களில் குணமடைகிறார்கள்.

காலையில் நெட்டை, மாலையில் குட்டை

மற்றொரு சோதனை. காலையில் படுக்கையை விட்டு எழுந்தவுடன் சுவரோடு ஒட்டி நின்று, தலை மட்டத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். இரவு படுக்கப் போகுமுன் அதே இடத்தில் மீண்டும் ஒரு கோடு. இரண்டாவது கோடு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரோ சற்று அதிகமோ கீழே இருப்பதைக் காண்பீர்கள்.

எலும்பு சுருங்கவில்லை. பகல் முழுவதும் உடல் எடை அழுத்தியதால் இடைத்தட்டுகளிலிருந்து சிறிதளவு நீர் வெளியேறிவிட்டது. இரவில் படுத்திருக்கும்போது அழுத்தம் குறைகிறது. ஊறப்போட்ட கொண்டைக்கடலை நீரை இழுத்துப் பருப்பதுபோல், தட்டுகளும் நீரை இழுத்துப் பருக்கின்றன. காலையில் பழைய உயரம் திரும்பிவிடுகிறது.

எடை என்பதே உணரப்படாத விண்வெளியில் என்ன ஆகும்? அங்கே தட்டுகள் மேலும் பருக்கின்றன. முதுகின் வளைவுகளும் சற்று நேராகின்றன. விண்வெளி வீரர்களின் உயரம் சில சென்டிமீட்டர் கூடுவதுண்டு. உயரம் கூடியது நல்லதுதானே என்று எண்ணாதீர்கள். வேலையில்லாத முதுகுத் தசைகள் மெலிகின்றன. வீரர்கள் பலருக்கு முதுகு வலியும் வருகிறது. 1984-ஆம் ஆண்டு சல்யூத் 7 விண்வெளி நிலையத்துக்குச் சென்ற முதல் இந்திய விண்வெளி வீரர் ராகேஷ் சர்மா அங்கே யோகாசனப் பயிற்சிகள் செய்தார். எடையற்ற நிலையில் தசைகள் நலிவதை யோகம் தடுக்குமா என்று அறிவதே அதன் நோக்கம். ஓயாத பளுவும் முதுகுக்கு ஆகாது. பளுவே இல்லாமையும் ஆகாது என்பது இதிலிருந்து விளங்குகிறது.

இரத்தம் செல்லாத இடம்

நம் உடலின் உறுப்புகளுக்கு உணவையும் ஆக்சிஜனையும் கொண்டு தருவது இரத்தம். ஆனால் இடைத்தட்டின் நடுப்பகுதிக்கு இரத்தக் குழாய்களே கிடையாது. மேலும் கீழும் உள்ள முள்ளெலும்புகளின் விளிம்புவரைதான் இரத்தம் வருகிறது. அங்கிருந்து உணவுப் பொருள்கள் ஒரு மெல்லிய குருத்தெலும்புத் தகடு வழியாக மெல்ல மெல்ல விரவி உள்ளே போகின்றன. ஊதுபத்தியின் மணம் அறை முழுவதும் பரவுவதும் இத்தகைய விரவல்தான். ஆனால் இங்கே அது மிக மெதுவாக நடக்கிறது.

எவ்வளவு மெதுவாக? இதைக் கண்டறிந்தவர்களில் நம் தமிழ்நாட்டு மருத்துவர்களும் உண்டு. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரனும் அவருடைய குழுவினரும், எம்.ஆர்.ஐ. படத்தில் பளிச்சென்று தெரியும் ஒரு மருந்தை இரத்தத்தில் செலுத்திவிட்டு, திரும்பத் திரும்பப் படம் எடுத்தார்கள். சில நிமிடங்களில் முள்ளெலும்பில் அம்மருந்து நிறைந்துவிட்டது. தட்டின் நடுப்பகுதியில் அது நிறையப் பல மணி நேரம் ஆயிற்று. எல்லைத் தகடு சேதமடைந்திருந்தால் இந்தப் போக்குவரத்து மாறிவிடுவதையும் அவர்கள் கண்டார்கள். 2004-ஆம் ஆண்டு வெளியான இவ்வாய்வுக்குப் பன்னாட்டு முதுகெலும்பு ஆய்வுச் சங்கத்தின் பரிசு கிடைத்தது.

தட்டின் மீது பளு ஏறும்போது நீர் சிறிது வெளியேறுகிறது. பளு குறையும்போது உள்ளே வருகிறது. பஞ்சைப் பிழிந்து பிழிந்து நீரில் விடுவது போன்றது இது. விரவலுக்கு இந்த நீரோட்டமும் துணை செய்கிறது. எனவே இடைத்தட்டு கேட்பது இதுதான்: பளு ஏற வேண்டும், இறங்க வேண்டும், மீண்டும் ஏற வேண்டும். நடப்பதும், நிற்பதும், உட்காருவதும், படுப்பதும் மாறி மாறி வரவேண்டும். ஒரே நிலையில் மணிக்கணக்கில் இருப்பதுதான் அதற்கு ஒத்துக்கொள்ளாதது.

தீக்குச்சியா, உடம்பா?

இனி நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். நெம்புகோல் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். விசையை விசைக்கையின் நீளத்தால் பெருக்கினால், எடையை எடைக்கையின் நீளத்தால் பெருக்கிய அளவுக்குச் சமமாக இருக்க வேண்டும்.

முன்னோக்கிக் குனியும்போது முதுகெலும்பு ஒரு நெம்புகோலாகிறது. இடுப்பிலுள்ள இடைத்தட்டு அதன் ஆதாரப்புள்ளி. அதற்குப் பின்னால் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தூரத்தில் முதுகுத் தசைகள் இழுக்கின்றன. முன்பக்கம் இருப்பது எது? கையிலுள்ள தீக்குச்சி அன்று. தலையும் கைகளும் மார்பும் சேர்ந்த உடம்பின் மேற்பாதி! ஒருவரின் மேற்பாதி எடை 25 கிலோ என்றும், குனிந்த நிலையில் அதன் எடைமையம் ஆதாரப்புள்ளியிலிருந்து 20 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது என்றும் கொள்வோம். 25 × 20 = 500. அதை 5-ஆல் வகுத்தால் 100. அதாவது, குனிந்த உடம்பை விழாமல் பிடித்து நிறுத்தவே முதுகுத் தசைகள் 100 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்க வேண்டும். இந்த இழுப்பும் உடம்பின் எடையும் சேர்ந்து தட்டை அழுத்துகின்றன.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் ஒரு தன்னார்வலரின் இடுப்பு இடைத்தட்டுக்குள் நுண்ணிய அழுத்தமானி ஒன்றைச் செலுத்தி அளந்து, 1999-ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். வளிமண்டல அழுத்தத்தை அலகாகக் கொண்டு ஏறத்தாழச் சொன்னால், படுத்திருக்கும்போது தட்டின் அழுத்தம் 1, நிற்கும்போது 5, சாயாமல் இயல்பாக உட்காரும்போது 5-க்குச் சற்றுக் குறைவு, உட்கார்ந்து நன்றாகக் குனியும்போது 8, நின்றபடி குனியும்போது 11. இருபது கிலோ எடையை முதுகை வளைத்துத் தூக்கியபோது அது 23-க்கு ஏறியது. முழங்காலை மடக்கித் தூக்கியபோது 17 ஆகக் குறைந்தது. அதே எடையை உடம்போடு ஒட்டிப் பிடித்திருந்தபோது 11-தான்.

இந்த எண்களை ஊன்றிப் பாருங்கள். உட்காருவது குற்றமில்லை, இயல்பாக உட்காருவது நிற்பதைவிடத் தட்டுக்குச் சுமையன்று. குனிந்து உட்காருவதும், அதே நிலையில் நெடுநேரம் இருப்பதும்தான் சுமை. வேறொன்றும் நிகழ்கிறது. நெடுநேரம் குனிந்தே இருந்தால் களைத்த தசைகள் ஓய்ந்து, பாரத்தைப் பின்புறத் தசைநார்களிடம் விட்டுவிடுகின்றன. அவை இழுபட்டு இழுபட்டு மெல்ல நீண்டு கொடுக்கின்றன. எழுந்தவுடன் அவை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அதற்குச் சற்று நேரம் பிடிக்கிறது. மாலையில் வண்டியை விட்டு இறங்கும் பெண்கள் மெல்ல மெல்ல நிமிர்வது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? அவர்கள் நாள் முழுவதும் தூக்கியது தீக்குச்சியை அன்று, தம் உடம்பை.

இந்த வலி நம் வட்டாரத்துக்கு மட்டும் உரியதன்று. 2020-ஆம் ஆண்டில் உலகில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

குழாய்க்குள் இருக்கும் செல்வம்

மத்தாப்புக் கொளுத்திய கம்பியின் சூடான முனையை அறியாமல் தொட்டிருக்கிறீர்களா? “சுடுகிறது” என்று நீங்கள் உணர்வதற்கு முன்பே கை பின்னால் வந்திருக்கும். செய்தி மூளையை எட்டி உணர்வாக மாறுமுன், தண்டுவடமே கைத்தசைகளுக்குக் கட்டளை அனுப்பிவிடுகிறது. இதுவே அனிச்சைச் செயல்.

தண்டுவடம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமும் சுண்டுவிரல் அளவு பருமனும் கொண்டது. இதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிகின்றன. முறிந்த கை எலும்பு சில வாரங்களில் கூடிவிடும். அறுபட்ட தண்டுவடத்தை மீண்டும் பழையபடி இணைக்க மருத்துவம் இன்னும் வழி காணவில்லை. இத்தனை எலும்பு வளையங்களுக்குள் இயற்கை அதைப் பூட்டி வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

விருதுநகரிலிருந்து இராஜபாளையம் வழியாகத் தெற்கே சென்றால் தென்காசிக்கு அருகே ஆய்க்குடி என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூரைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975-ஆம் ஆண்டு பொறியியல் மாணவராக இருந்தபோது, கடற்படை அதிகாரிகள் தேர்வுக்குப் பெங்களூர் சென்றார். உடல்திறன் சோதனையின்போது உயரத்திலிருந்து விழுந்ததில் கழுத்தில் தண்டுவடம் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. அவர் மனம் செயலிழக்கவில்லை. 1981-ஆம் ஆண்டு, தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் அவர்களின் பெயரால் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். மாற்றுத் திறனாளிகளுக்குக் கல்வியும் பயிற்சியும் சிகிச்சையும் தரும் பெரிய நிறுவனமாக அது வளர்ந்தது. 2020-ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அவருக்கு முன்னோடியும் ஒருவர் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ஆம் ஆண்டு கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-ஆம் ஆண்டு வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவரது உழைப்பின் பயன்.

நம் பகுதியில் பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுவோர் உண்டு. சாலை விபத்தும் உண்டு. ஆலை விபத்தும் உண்டு. அப்போது அருகில் நீங்கள் இருக்க நேர்ந்தால் இதை மறவாதீர்கள். விழுந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கக் கூடாது. உட்கார வைக்கக் கூடாது. ஆட்டோவில் மடக்கி ஏற்றக் கூடாது. எலும்பு மட்டும் முறிந்து, தண்டுவடம் தப்பியிருக்கலாம். நாம் அவசரப்பட்டுத் தூக்கும் தூக்கில் அதுவும் நசுங்கிவிடலாம். தலையும் கழுத்தும் அசையாதவாறு இரு கைகளால் பிடித்துக்கொண்டு, 108-க்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். தீயோ வெடியோ நெருங்குகிறது என்றால் மட்டுமே அவரை அப்புறப்படுத்த வேண்டும். அப்போதும் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்குமாறு இழுக்க வேண்டும். உங்கள் உயிரையும் காத்துக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும்.

வளரும் முதுகு

உங்கள் முதுகெலும்பு இன்னும் முழுமை அடையவில்லை. முள்ளெலும்புகளின் மேல், கீழ் விளிம்புகளில் உள்ள வளர்பகுதிகள் முற்றிலும் எலும்பாகி இணைவதற்கு இருபது வயதைத் தாண்டிவிடும். ஒரு காலத்தில் உங்களைவிடச் சிறிய பிள்ளைகளும் இப்பகுதியில் குனிந்து உட்கார்ந்து கட்டை அடுக்கினார்கள். சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிரான புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. வளரும் முதுகுக்குரிய இடம் விளையாட்டுத் திடலும் பள்ளிக்கூடமும்தான்.

பள்ளிக்குச் செல்லும்போதும் கவனம் வேண்டும். புத்தகப் பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று மைய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை கூறுகிறது. உங்கள் எடை 45 கிலோ என்றால் பையின் எடை நாலரைக் கிலோ. இரண்டு பட்டைகளையும் மாட்டி, பை முதுகோடு ஒட்டியிருக்குமாறு சுமந்து செல்லுங்கள். ஏன் ஒட்டியிருக்க வேண்டும் என்பதை நெம்புகோல் கணக்கு உங்களுக்குச் சொல்லும்.

என்ன செய்யலாம்?

“அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்” என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் எத்தனை சரம் பின்னினோம், எத்தனை கட்டை அடுக்கினோம் என்று எண்ணிக் கூலி வாங்குபவருக்கு, எழுந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கூலியில் குறையும். அதை அறியாதவர்கள் அல்லர் நீங்கள். எனவே வேலையை நிறுத்தாமலே முதுகை மாற்றும் வழிகளையும் சேர்த்துச் சிந்திக்க வேண்டும்.

தரையிலிருக்கும் வேலையைச் சற்று உயர்த்தினால் குனிவு குறையும். வீட்டில் பெட்டி ஒட்டும்போது மடிக்கு முன்னால் ஒரு மணைப்பலகையை வைத்துப் பாருங்கள். எடைக்கை எத்தனை சென்டிமீட்டர் குறைகிறதென்று அளவுநாடாவால் அளந்து பாருங்கள். சுவரில் சாய்ந்து உட்கார இடம் இருந்தால் அதுவும் நன்று. ஒட்டும் வேலையையும், ஒட்டியதை எடுத்து அடுக்கும் வேலையையும் இருவர் மாற்றி மாற்றிச் செய்தால் இருவர் முதுகுக்கும் அசைவு கிடைக்கும். வெடிமருந்து அறைகளில் நிலைமை வேறு. அங்கே தீப்பொறிக்கு இடமளிக்கும் இரும்புச் சாமான் எதையும் கொண்டு செல்லக் கூடாது. அங்குள்ள வேலைக்கு ஏற்ற, பொறி எழாத, முதுகை வருத்தாத பலகையும் இருக்கையும் வடிவமைப்பது நல்ல பொறியியல் வேலை. அதைச் செய்பவர் உங்களில் ஒருவராக ஏன் இருக்கக் கூடாது?

இடுப்பு வலிக்கு நெடுநாள் படுக்கையில் கிடப்பதே மருந்து என்று முன்பு கருதினார்கள். முடிந்த அளவு நடமாடுவதே நல்லது என்பதுதான் இன்றைய மருத்துவத்தின் முடிவு. ஆயினும் காலில் மரத்துப்போதல், வலுக்குறைவு, சிறுநீர் கழிப்பதில் தடை ஆகியவை வலியோடு சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

முதுகெலும்பு தூணா, சங்கிலியா? இரண்டும்தான். ஆனால் நாட்டிவிட்டால் அசையாமல் நிற்கும் கல்தூண் அன்று. அசைந்து அசைந்தே உயிர்வாழும் தூண். இன்று மாலை அம்மா வேலை முடிந்து வந்து, இடுப்பில் கை ஊன்றி நிற்கும்போது, தண்ணீர்க் குடத்தை அவர் குனிந்து தூக்குவதற்கு முன் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முழங்காலை மடக்கி, குடத்தை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். எதற்காக அப்படித் தூக்குகிறாய் என்று அவர் கேட்டால், தீப்பெட்டி அடுக்கைக் காட்டி விளக்குங்கள்.